கெட்டி அட்டைப் புத்தகம் யாருக்கு?

நம் சங்கத்தின் நூலகக் குழு அடுத்த முறை கூடும்போது ஒரு சின்ன விஷயத்துக்கு முடிவு சொல்ல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் மாடி அறையில் 'கோ' ஆடும் பிள்ளைகளுக்குப் புதிர்ப் புத்தகங்கள் வாங்க ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். என்னென்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியலும் சுற்றுக்கு வந்தது. அதைத் தயாரித்த நண்பர் மிகுந்த அக்கறையோடு, இந்த ஆட்டத்தில் எவையெல்லாம் கடினமானவை, புகழ் பெற்றவை என்று பெயர் எடுத்தனவோ அவற்றையே தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார். அவருடைய நல்ல மனசில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் புத்தகம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் கூட்டத்தில் கை தூக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டத்தை அறியாத பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. 'கோ' என்றதும் அரசனும் பசுவும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தமிழாசிரியர் செய்த புண்ணியம். இது வேறு கோ. சீனாவில் பிறந்து 2,500 ஆண்டுகளுக்கு மேலாக ஆடப்படுவது. சீனர்கள் வெய்ச்சி என்பார்கள், கொரியர்கள் படுக் என்பார்கள், ஜப்பானியர்கள் இகோ என்பார்கள். குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு. அவை சந்திக்கும் 361 புள்ளிகளில் ஒருவர் கருப்புக் காயும் மற்றவர் வெள்ளைக் காயும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. பக்கத்தில் உள்ள காலிப் புள்ளிகள்தான் அதற்கு மூச்சு. எல்லாவற்றையும் எதிரி அடைத்துவிட்டால் காய் பிடிபட்டது. ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு, ஆடுகள் நெருக்கி நெருக்கிப் புலியைக் கட்டிப்போடும் சங்கதி ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய அந்த நெருக்கடிதான். ஒரு கூட்டத்துக் காய்கள் தமக்குள்ளே தனித்தனியாக இரண்டு காலி இடங்களை வைத்துக்கொண்டால் அந்தக் கூட்டத்தை யாராலும் கொல்ல முடியாது. அந்தக் காலி இடத்துக்குக் கண் என்று பெயர். ஒற்றைக் கண் என்றால் சாவுதான்.

புதிர்ப் புத்தகம் என்பது பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். பலகையின் ஒரு மூலையை மட்டும் படம் போட்டு, 'கருப்பு ஆட வேண்டும், பிழைக்குமா?' என்று கேட்டிருக்கும். நம் பிள்ளைகள் இப்போதைக்கு ஒன்பது கோட்டுப் பலகையில் ஆடுகிறார்கள். அட்டையில் நானே பேனாவால் கோடு இழுத்தது. காய்களுக்குச் சட்டைப் பொத்தான்கள்.

இனி அந்த மூன்றாவது புத்தகம். 1997இல் உத்தியோக நிமித்தம் பதினொரு மாதம் ஜப்பானில் இருந்தேன். விடுதியில் மாலை வேளைகளில் வேலை ஒன்றும் கிடையாது. தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு மேஸ்திரி எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் டோக்கியோவில் ஜிம்போச்சோ என்ற வட்டாரத்துக்குப் போனேன். தெருத் தெருவாகப் பழைய புத்தகக் கடைகள். தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை புத்தகம் பொறுக்கியவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

டில்லியில் என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு ஒரு பலகை வாங்கியாயிற்று, ஒரு புத்தகமும் வாங்க வேண்டும். கடைக்காரக் கிழவர் என் அரைகுறை ஜப்பானிய மொழியைப் பொறுமையாகக் கேட்டார். யாருக்கு என்றார். மகனுக்கு என்றேன். எவ்வளவு நாளாக ஆடுகிறான்? இனிமேல்தான் ஆரம்பம். என் கையில் இருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அட்டையில் முயல் பொம்மை போட்ட ஒல்லியான புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வெளிநாட்டுக்காரன், அதிலும் இந்தியன், இவனுக்கு இது போதும் என்று நினைக்கிறாரா? நம் பையன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வானே! பிடிவாதமாகக் கெட்டி அட்டையையே வாங்கினேன். கிழவர் அதைக் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அது 'இகோ ஹட்சுயோரோன்' என்ற நூலின் பிற்காலப் பதிப்பு. 1713இல், இனோவே என்ற ஆட்டக் குடும்பத்தின் நான்காவது தலைவர் டோசெட்சு இன்செகி தொகுத்தது. 180க்கும் மேற்பட்ட புதிர்கள். வீட்டுச் சீடர்களைத் தவிர வேறு யாருக்கும் காட்டாமல் ரகசியமாகப் பாதுகாத்த நூல் அது. இன்றைக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். அதில் 120ஆம் எண் புதிர் கிட்டத்தட்டப் பலகை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். அதன் சரியான விடை எது என்பதில் மூன்று நூற்றாண்டு கழித்தும் சர்ச்சை ஓயவில்லை. அந்த ஒரு புதிருக்காகவே சில ஆண்டுகளுக்கு முன் காட்டாகோ என்ற கணினி நிரலுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். அதைத்தான் நான் ஒன்பது வயதுப் பையனுக்கு விமானத்தில் சுமந்து வந்தேன்.

தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புதிர் என்று சட்டம் போட்டேன். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் பையன் ஒரு நாள் கூடத் தவறவில்லை. நோட்டில் கட்டம் போட்டு, காய்களுக்கு எண் கொடுத்து, அழகாக எழுதியிருப்பான். எல்லாமே சரி! வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த நோட்டைக் காட்டினேன். ஒருநாள் அலுவலக வேலையாக வந்திருந்த ஜப்பானிய நண்பரைச் சாப்பிட அழைத்திருந்தோம். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஆச்சரியப்பட்டு, பலகையில் ஒரு புதிரை வைத்து, "இங்கே வெள்ளை இப்படி வைத்தால் நீ என்ன செய்வாய்?" என்று பிரியமாகத்தான் கேட்டார். பையன் பலகையைப் பார்த்தபடி நின்றான். புத்தகத்தின் பின்பகுதியில் விடைப் படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுத ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.

விருந்தாளி எதிரிலேயே திட்டினேன். பொய் எழுதினாய் என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன், இங்கே எழுத முடியாது. பையன் பலகையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு அவன் புனேயிலிருந்து மனைவி, குழந்தையோடு வந்திருந்தான். பேத்திக்கு ஆறு வயது. பழைய பலகையைப் பரணிலிருந்து அவனே இறக்கினான். நானும் உற்சாகமாக அந்தப் புத்தகத்தை எடுத்துவரக் கிளம்பினேன். "அது வேண்டாம்ப்பா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாமல், "அதுல ஒரு புதிராவது நீங்க போட்டிருக்கீங்களாப்பா?" என்று கேட்டான்.

போட்டதில்லை. இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விழித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே, குழுவினர் முன் நான் வைக்கும் யோசனை இதுதான். பிள்ளைகளுக்குச் சுலபமான புத்தகமாக வாங்குங்கள். வெட்கப்படும் அளவுக்குச் சுலபமானதாக வாங்குங்கள். வாங்கியதை மூன்று தடவை போடச் சொல்லுங்கள்.

பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை, இதற்கு ஆட்டத்திலேயே காரணம் இருக்கிறது. கருப்புக் கூட்டத்துக்கு உள்ளே வரிசையாக மூன்று காலிப் புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியில் கருப்பு வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டு கண், பிழைத்தது. அதே நடுப்புள்ளியில் வெள்ளை முந்திக்கொண்டால் கருப்பு செத்தது. வரிசையாக நான்கு என்றால் கவலையே இல்லை. வெள்ளை நடுவில் ஒன்றை எடுத்தால் கருப்பு இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே நான்கு, சதுரமாக இரண்டுக்கு இரண்டு என்று அமைந்தால், கருப்பே முதலில் வைத்தாலும் பிழைக்காது. புள்ளிகள் நான்குதான், வடிவம் வேறு, தலைவிதியும் வேறு. தமிழ் வகுப்புக்கு வரும் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் 'ஆ' என்று வாயைப் பிளக்கிறார்கள். இப்படி ஒரு நூறு, நூற்றைம்பது வடிவங்கள் கண்ணில் பட்டவுடனே மனசுக்குத் தெரிய வேண்டும், யோசிக்கக் கூடாது.

ஏனென்றால் கடினமான புதிர் என்பது வேறொன்றுமில்லை, பத்துப் பதினைந்து கிளை விடும் ஒரு மரம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இந்தச் சுலபமான வடிவங்களில் ஒன்று உட்கார்ந்திருக்கும். நுனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு 'இது உயிரா, சாவா?' என்று அங்கேயும் யோசிக்க வேண்டியிருந்தால் எந்தக் கிளையில் ஏறினோம் என்பதே மறந்து போகும். வாய்ப்பாடு தெரியாத பையனிடம் நீள் வகுத்தல் கொடுப்பது மாதிரி. நம் வீட்டுப் பெண் குழந்தைகளைப் பாட்டுக்கு அனுப்புகிறோம், வாத்தியார் சரளி வரிசையில்தானே ஆரம்பிக்கிறார்? முதல் நாளே அடதாள வர்ணத்தை எடுத்தால் சண்டைக்குப் போக மாட்டோமா? விளையாட்டுப் புத்தகம் என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு வர்ணம்தான் வேண்டியிருக்கிறது.

சதுரங்கத்தில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஹங்கேரியின் லாஸ்லோ பொல்கார் தம் மூன்று பெண்களையும் வீட்டிலேயே பயிற்றுவித்துப் பெரிய ஆட்டக்காரர்கள் ஆக்கியவர். கடைக்குட்டி ஜூடித், ஆண்களோடு சரிசமமாக ஆடி உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக வந்தவர். பொல்கார் 1994இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் 5,334 புதிர்களும் ஆட்டங்களும் இருக்கின்றன. செங்கல் கனம். ஆனால் திறந்து பாருங்கள். முதல் 306 புதிர்களில் ஒரே நகர்வில் ராஜாவைப் பிடிக்க வேண்டும். அடுத்த 3,400 சொச்சத்தில் இரண்டே நகர்வு. அத்தனை கனமும் சுலபமானவற்றின் கனம். ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் டிக்கனன் ஒரே புதிர்த் தொகுதியை முதலில் சில வாரம், பிறகு அதில் பாதிக் காலம், பிறகு அதிலும் பாதி என்று திரும்பத் திரும்பப் போட்டு 2010இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மரங்கொத்தி முறை என்று அதற்குப் பெயரிட்டு அவரும் ஆக்செல் ஸ்மித்தும் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார்கள்.

நம் விஸ்வநாதன் ஆனந்த் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தந்தையாரின் ரயில்வே உத்தியோகம் காரணமாகக் குடும்பம் 1970களின் இறுதியில் மணிலாவில் இருந்தது. நம்மைப் போலவே ஊர் விட்டு வந்த குடும்பம். அங்கே தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அது. அம்மா சுசீலா அதில் வரும் புதிரையும் ஆட்டங்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து போட்டு விடை அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். திரும்பத் திரும்ப இவர்களே பரிசு வாங்கவே, எத்தனை புத்தகம் வேண்டுமோ எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று அவர்கள் சொல்லிவிட்டதாக ஆனந்தே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது பரிசு அல்ல. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் போட்டார். நான் நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, 'கோ'வில் எதை வாங்குவது? ஆங்கிலத்தில் கிடைப்பதில் கானோ யோஷினோரி தொகுத்த தொடக்கநிலைப் புதிர்கள் நான்கு பாகம் முதலில் வர வேண்டும். முதல் பாகம் அசட்டுத்தனமாகக்கூடத் தோன்றும். இந்தக் காயை எப்படிப் பிடிப்பது, இந்த இரண்டு காயை எப்படிச் சேர்ப்பது, இவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினால்தான் விடை தெரியும். அந்தச் சின்னத் திருப்பலே குழந்தையை ஒரு கணம் நிறுத்தும். இரண்டாவதாக, ஜேம்ஸ் டேவிஸ் 1975இல் எழுதிய இரண்டு சிறு நூல்கள். ஒன்று சாவு வாழ்வு வடிவங்களைப் பற்றியது, மற்றது தெசுஜி எனப்படும் உத்திகளைப் பற்றியது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றவை. ஆசை காட்டும் தப்பான ஆட்டம் ஏன் தப்பு என்றும் படம் போட்டுச் சொல்வார். என்னைக் கேட்டால் ஒரு விடைப் பகுதியின் தரத்தை இதை வைத்தே அளக்கலாம். 'சரியான விடை 1' என்று மட்டும் சொல்லி நிறுத்தும் புத்தகம் குழந்தைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ரிச்சர்ட் போசூலிச் தொகுத்த 1001 சாவு வாழ்வுப் புதிர்கள் நூலை மூன்றாவதாக வாங்கலாம். ஒரு நகர்வு, மூன்று நகர்வு, ஐந்து நகர்வு என்று படிப்படியாகப் போகிறது. சோ சிகுனின் கலைக்களஞ்சியத்தில் ஆரம்பப் பகுதி மட்டும் போதும், அதிலேயே சுமார் 900 புதிர்கள் இருக்கின்றன. இந்த சோ சிகுன் 1956இல் தென் கொரியாவின் பூசானில் பிறந்தவர். ஆறு வயதில் ஆட்டம் கற்க ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். பதினோரு வயதில் தொழில்முறை ஆட்டக்காரர். அந்த வயதில் வீட்டை விட்டு அனுப்பிய பெற்றோரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அது இங்கே வேண்டாம்.

எந்தப் புத்தகமானாலும் வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். நடுவில் எங்காவது திறந்து பத்துப் புதிரைக் குழந்தையிடம் கொடுங்கள். புதிருக்கு ஒரு நிமிஷம். ஏழெட்டு சரியாக வந்தால் அது இந்தக் குழந்தைக்கு உரிய புத்தகம். பத்தும் வந்தால் இன்னும் நல்லது, வேகமாகப் போடட்டும். மூன்றுதான் வந்தது என்றால் மூடி வையுங்கள், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம். இன்னொன்று, 'வலை', 'ஏணி', 'விட்டுப் பிடித்தல்' என்று உத்தியின் பெயரையே தலைப்பாக வைத்த அத்தியாயத்தில் பிள்ளை படத்தைப் பார்க்குமுன்பே விடையைத் தெரிந்துகொள்கிறது. ஆட்டத்தில் யாரும் தலைப்புப் போட்டுக் கொடுப்பதில்லை. இரண்டாம் முறை போடும்போது கண்டபடி கலைத்துக் கொடுப்பது பெற்றோர் வேலை.

செல்பேசியில் எல்லாம் இலவசமாக இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கில் புதிர்கள் இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் விரல் கண்ணை முந்திவிடுகிறது. இங்கே தொட்டுப் பார், இல்லையா, அங்கே தொடு, மூன்றாவது தொடலில் பச்சை விளக்கு எரிந்ததும் பிள்ளை தான் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறது. என் மகன் பின்பக்கம் பார்த்து எழுதியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அவனுக்காவது தான் செய்வது தெரிந்திருந்தது.

கடினமான புதிர்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே புதிரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவதில் தனி ருசி உண்டு. நம் பிள்ளைகளில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அந்த நிலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு அவள் கேட்கும் புத்தகத்தை வாங்கிக் கொடுப்போம். கேட்கிற பிள்ளைக்குக் கொடுப்பது வேறு, அலமாரியில் பார்க்க நன்றாக இருக்கும் என்று வாங்குவது வேறு. 2016இல் சோலில் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி 4-1 என்று தோற்கடித்த பிறகு, மனிதர்கள் இதைக் கற்று என்ன ஆகப்போகிறது என்றுகூட ஒரு அன்பர் கேட்டார். 2024இல் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனபோது அதே அன்பர்தான் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். கணினி சதுரங்கத்திலும் எப்போதோ ஜெயித்துவிட்டது.

ஒதுக்கிய தொகையில் கானோவின் முதல் பாகத்தையே நான்கைந்து பிரதி வாங்கலாம். ஒன்று நூலகத்தில் இருக்கட்டும், மற்றவை வீட்டுக்குப் போய் வரட்டும். கிழிந்து, எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தால் நான் பைண்டு செய்து தருகிறேன். பட்டியலில் மூன்றாவதாக உள்ள புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். நூலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று குழு நினைத்தால் என் பிரதியைக் கொடுத்துவிடுகிறேன். விடைப் பகுதியில் முதல் தொண்ணூறு படங்களின் ஓரத்தில், எதுவரை பார்த்து எழுதியாயிற்று என்பதற்கு அடையாளமாக, பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருக்கும். அவற்றை மட்டும் யாரும் அழிக்க வேண்டாம்.